முடி போனபின் எது சரி: மருந்தா, நடவா, ஒட்டு முடியா, மொட்டையா?

"கல்யாணத்துக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது, முன் மண்டை தெரிகிறது, என்ன செய்யலாம்?" "சென்னைக்குப் போய் முடி நட்டுக்கொண்டு வந்தால் மலிவாம், உண்மையா?" "வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது, விக் வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்களா?" கோலாலம்பூரில் முடி கொட்டும் நம்மவர்கள் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். மூன்று பேருக்கும் ஒரே பதில் கிடையாது.

விளம்பரத்தில் வரும் முன்–பின் படங்களை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவை எல்லாமே அந்தந்தச் சிகிச்சையின் மிக நல்ல நாளில் எடுத்தவை. ஒட்டு முடி ஒட்டிய அன்று எல்லோருக்கும் அழகாகத்தான் இருக்கும். மூன்றாவது வாரம், மத்தியான வெயிலில், ஹெல்மெட்டைக் கழற்றும்போது எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதனால் இங்கே தோற்றத்தை இரண்டாம் இடத்தில் வைத்திருக்கிறேன். அடுத்த ஐந்து வருடங்களுக்கு மாதாமாதம் எதைச் செய்துகொண்டே இருக்க உங்களால் முடியும் என்பதே முதல் இடத்தில்.

## கடைக்குப் போகும் முன்: ஏன் கொட்டுகிறது?

ஆண்களுக்கு வரும் வழக்கமான வழுக்கை மெதுவாக வரும். டி.எச்.டி. என்ற ஹார்மோனுக்குக் கூருணர்வுள்ள முடிவேர்கள் வருடக்கணக்கில் சுருங்கி, முடி மெலிந்து, கடைசியில் பூனைமுடி போலாகிவிடும். நெற்றி ஓரங்களும் உச்சந்தலையும் முதலில் போகும். பிடரியும் காதோரமும் தங்கும். பெண்களுக்கு நெற்றிக்கோடு பெரும்பாலும் அப்படியே இருக்க, வகிடு விரிந்துகொண்டே போகும்.

திடீரென்று கொத்துக் கொத்தாகக் கொட்டினால் கதை வேறு. டிங்கிக் காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவைச் சிகிச்சை, பட்டினி கிடந்து உடல் இளைப்பது, இவற்றுக்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துச் சீப்பு நிறைய முடி வருவது வழக்கம். பெரும்பாலும் அது தானாகவே நின்று, சில மாதங்களில் திரும்ப முளைக்கும். இந்த இடைவெளியில்தான் பலர் பதறிப்போய்ப் பேரங்காடியில் உள்ள முடி பராமரிப்பு நிலையத்தில் பேக்கேஜ் எடுக்கிறார்கள். எப்படியும் வளர்ந்திருக்கும் முடிக்கு நிலையத்துக்குப் பெயர் கிடைக்கிறது.

வட்ட வட்டமாக உதிர்ந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். உடலின் எதிர்ப்பாற்றலே முடிவேரைத் தாக்குகிற நோய் அது. பெயரில் மட்டும்தான் புழு இருக்கிறது. தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு, பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, வருடக்கணக்காக இறுக்கிப் பின்னிய சடை, இவையும் காரணமாகலாம். தலைத்தோல் எரிந்து, வலித்து, பளபளப்பாகத் தழும்பேறினால் தள்ளிப்போடவே கூடாது. அங்கே வேர் செத்துவிட்டால் திரும்ப வராது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு இல்லை. குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். அங்கே இரத்தப் பரிசோதனை செய்து, தேவையானால் கோலாலம்பூர் மருத்துவமனையின் தோல் பிரிவு போன்ற இடத்துக்குக் கடிதம் தருவார்கள். நிபுணரைப் பார்க்க ஐந்து ரிங்கிட். காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பொறுமை இல்லாதவர்கள் தனியார் தோல் மருத்துவரிடம் ஒருமுறை போகலாம். எந்தப் பேக்கேஜோடும் ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் சொற்பம்.

## எதை வைத்து எடைபோடுவது

காரணம் வழக்கமான வழுக்கைதான் என்று தெரிந்துவிட்டது, சரி. இப்போது ஐந்து விஷயங்களைப் பாருங்கள். தலையில் இன்னும் எவ்வளவு உயிருள்ள வேர் மிச்சம் இருக்கிறது? முதல் செலவைவிட, ஐந்து வருடக் கூட்டுச் செலவு எவ்வளவு? வாரத்துக்கு எவ்வளவு நேரம் தலைக்காக ஒதுக்க முடியும்? உங்கள் பிழைப்பில் வியர்வை, மழை, ஹெல்மெட் எவ்வளவு? கடைசியாக, பிடிக்கவில்லை என்றால் பழையபடி திரும்ப முடியுமா?

இந்தக் கடைசிக் கேள்வியை ஏனோ யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

| வழி | முதல் செலவு | தொடர் செலவு | பலன் தெரிய | வியர்வை, ஹெல்மெட் | விட்டுவிட்டால் |
|---|---|---|---|---|---|
| மருந்து | குறைவு | வாழ்நாள் முழுக்க, மாதாமாதம் | 4 முதல் 12 மாதம் | பிரச்சினை இல்லை | சில மாதங்களில் பலன் போய்விடும் |
| முடி நடுதல் | மிக அதிகம் | மருந்து. சிலருக்கு இரண்டாவது முறை | சுமார் 12 மாதம் | முதல் சில வாரம் கவனம், பிறகு இல்லை | எடுத்த இடம் பழையபடி ஆகாது |
| ஒட்டு முடி | நடுத்தரம் | அதிகம், நிற்காது | அன்றே | பெரிய தொல்லை | கழற்றிவிடலாம் |
| புள்ளி குத்துதல் (தலைத்தோலில் நிறமி) | நடுத்தரம் | சில வருடத்துக்கு ஒருமுறை | சில வாரம் | ஆறும்வரை கவனம் | மெல்ல மங்கும், உடனே அழியாது |
| நார்த்தூள், கிளிப் முடி | குறைவு | சிறிது | சில நிமிடம் | மழையில் சிக்கினால் சிரமம் | கழுவினால், கழற்றினால் முடிந்தது |
| மொட்டை | சில ரிங்கிட் | சவரம் | அன்றே | நிம்மதி | இருக்கிற முடி வளர்ந்துவிடும் |

## மருந்து

மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடலெல்லாம் முடி வளர்ந்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் திரவமாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. 2 விழுக்காடு, 5 விழுக்காடு என்று இரண்டு அளவில் வரும். திரவம் பிசுபிசுக்கும், சிலருக்கு அரிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நுரையாக வருவது கொஞ்சம் தேவலை.

தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டலாம். பழைய முடி விழுந்து புதிய சுற்றுக்கு இடம்விடுகிற கட்டம் அது. பாதிப் பேர் இங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. குறைந்தது நான்கு மாதம் பார்க்காமல் தீர்ப்பு சொல்லக்கூடாது. ஒரு வருடம் பார்ப்பது நல்லது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தொடக்கூடாது. வீட்டில் பூனை இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. மினாக்சிடில் பூனைக்கு விஷம். தலையணையில் ஒட்டியதை நக்கினாலே ஆபத்து.

ஃபினாஸ்டெரைட் ஆண்களுக்கான மாத்திரை. தினமும் ஒரு மில்லிகிராம். தலைமுடிக்காக அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்றது. டி.எச்.டி. உருவாவதைத் தடுக்கிறது என்பதால் கொட்டுவதை நிறுத்துவதில் இந்த இரண்டில் இதுதான் பலமானது. மலேசியாவில் மருத்துவர் சீட்டு வேண்டும், அது நியாயமும்கூட. சிறு பங்கினருக்குப் பாலுறவு ஆர்வம் குறைவது, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் வரும். வந்தால் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் உடைந்த மாத்திரையைக் கையால்கூடத் தொடக்கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருந்தால் அதன் வளர்ச்சியைப் பாதிக்கும். ஐம்பதைத் தாண்டியவர்கள் புராஸ்டேட் சோதனைக்குப் போகும்போது இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல மறக்கக்கூடாது. அந்தச் சோதனையில் இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவை இது ஏறக்குறைய பாதியாகக் காட்டும்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், இதற்கு முடிவே இல்லை. நிறுத்தினால் சில மாதங்களில், மருந்தே போடாமல் இருந்திருந்தால் எங்கே இருந்திருப்பீர்களோ அங்கே போய் நிற்பீர்கள். மாதச் செலவைப் பார்த்தால் சின்னது; அறுபதால் பெருக்கிப் பாருங்கள்.

இணையத்தில் 'முடி வளரும் மருந்து' என்று விற்பதை வாங்குமுன் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சுகாதார அமைச்சின்கீழ் பதிவான மருந்துக்குத்தான் அது இருக்கும். அழகுப் பொருளுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கும். என்.ஓ.டி. எண்ணை வைத்துக்கொண்டு வழுக்கையைக் குணப்படுத்துகிறேன் என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். அம்மா காய்ச்சிக் கொடுக்கும் கரிசலாங்கண்ணி எண்ணெயைப் பற்றியும் கேட்பார்கள். தடவுங்கள், இருக்கிற முடிக்கு நல்லது, அம்மாவுக்கும் சந்தோஷம். போன முடியை அது கொண்டுவராது.

முப்பதுக்குக் கீழே, முடி மெலியத் தொடங்கி ஓரிரு வருடம்தான் ஆகிறது என்றால் மருந்தில்தான் தொடங்க வேண்டும் என்பேன். பளபளவென்று வழுக்கையாகிப் பல வருடமான இடத்தில் மருந்துக்குக் காசு போடுவது வீண்.

## முடி நடுதல்

நியூயார்க்கின் தோல் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரீச் 1950களில் கண்டது இதன் அடிப்படை: பிடரியிலிருந்து எடுத்த முடியை முன்னால் நட்டாலும் அது பிடரி முடியாகவே நடந்துகொள்ளும், கொட்டாது. அதனால்தான் நட்ட முடி நிலைக்கிறது. கூடவே ஒரு கசப்பான கணக்கும் இருக்கிறது. புதிதாக ஒரு முடியும் உருவாவதில்லை; பின்னால் இருப்பது முன்னால் போகிறது. வயல் பெரியது, நாற்று கொஞ்சம் என்றால் நெருக்கமாக நட முடியாது. முன்னால் ஒரு வரிசை போய்விட்டவருக்கும் உச்சிவரை மொத்தமும் போய்விட்டவருக்கும் ஒரே மாதிரி பலன் வராதது இதனால்தான்.

இரண்டு முறைகள் இருக்கின்றன. எஃப்.யூ.டி. முறையில் பிடரியிலிருந்து ஒரு பட்டைத் தோலை வெட்டியெடுத்துத் தைப்பார்கள். கோடு போன்ற தழும்பு நிற்கும். எஃப்.யூ.இ. முறையில் ஒவ்வொரு வேராகக் குடைந்து எடுப்பார்கள். புள்ளிப் புள்ளியாகத் தழும்பு. இப்போது பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மொட்டை போடும் வழக்கம் உள்ளவர்கள் கோடா, புள்ளியா என்பதை யோசித்துக்கொள்ள வேண்டும். கோடு மொட்டையில் பளிச்சென்று தெரியும். காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ தழும்பு தடித்து வளர்ந்தவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே காட்டுங்கள். கருநிறத் தோலுக்கு அந்தப் போக்கு அதிகம்.

அந்தக் கல்யாணக் கேள்விக்கு வருவோம். நட்ட முடி இரண்டு முதல் நான்கு வாரத்தில் கொட்டிவிடும், வேர் மட்டும் உள்ளே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் மெல்ல முளைக்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம். ஆறு மாதத்தில் கல்யாணம் என்றால் மணமேடையில் அரைகுறையாகத்தான் இருக்கும். ஒரு வருடத்துக்கும் மேல் அவகாசம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

மோட்டாரில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. நட்ட இடத்தில் ஹெல்மெட் உரசக்கூடாது. எத்தனை நாளைக்கு என்று உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இரண்டு வாரமாவது எல்.ஆர்.டி. ரயிலையும் கிராப் காரையும் நம்பியிருக்கத் தயாராகுங்கள். அந்த வாரங்களில் வெயிலில் நிற்பது, ஃபுட்சால், நீச்சல் எல்லாம் கிடையாது. உடலுழைப்பு வேலை என்றால் சம்பளம் போகும் விடுப்பையும் செலவில் சேருங்கள்.

செலவு பெரும்பாலும் ஐந்து இலக்கத்தில் வரும். ஒரு கிராஃப்டுக்கு, அதாவது வேரோடு எடுத்த ஒரு சிறு முடிக்கொத்துக்கு, இவ்வளவு என்றோ மொத்தமாகவோ சொல்வார்கள். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி இருக்கும் என்பதால், இரண்டாயிரம் கிராஃப்டையும் இரண்டாயிரம் முடியையும் ஒன்றாக நினைத்துப் பேரம் பேசாதீர்கள். இதோடு முடிவதும் இல்லை. நட்ட முடி நிற்கும், அதற்குப் பின்னால் இருக்கிற உங்கள் சொந்த முடி வழக்கம்போல் கொட்டிக்கொண்டே போகும். இருபத்திரண்டு வயதில் நெற்றியைத் தாழ்த்தி நட்டவருக்கு முப்பத்தைந்தில் முன்னால் ஒரு தீவு, பின்னால் வெட்டவெளி என்று ஆகலாம். அதைத் தடுக்க மருந்தைத் தொடர வேண்டும். அதாவது, மருந்திலிருந்து தப்பிக்க முடி நடுகிறேன் என்ற கணக்கு உதைக்கிறது. 'மாத்திரை வேண்டாம், நட்டுவிட்டால் தொல்லை விட்டது' என்று உங்களிடம் சொல்லும் கிளினிக்கை நான் நம்பமாட்டேன்.

சென்னையா, இஸ்தான்புல்லா, இங்கேயா? வெளியே மலிவாக அமையலாம். சென்னை நான்கு மணி நேரப் பயணம், கோயிலுக்கும் புடவைக் கடைக்கும் போய்வந்த கணக்கிலும் சேரும். ஆனால் மூன்றாவது வாரம் சீழ் வைத்தால் யாரிடம் காட்டுவது? ஒரு வருடம் கழித்து அடர்த்தி போதவில்லை என்றால் யார் பொறுப்பு? மலிவுப் பேக்கேஜில் எண்ணிக்கையை உயர்த்துவதற்காகப் பிடரியிலிருந்து அளவுக்கு மீறி எடுத்துவிட்டால், பின்பக்கம் கரையான் அரித்தது மாதிரி ஆகிவிடும். அதைச் சரிசெய்ய இருப்பே மிஞ்சியிருக்காது. எங்கே போனாலும் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: குடைவதும் நடுவதும் மருத்துவரா, உதவியாளரா? இங்கே என்றால் மருத்துவரின் பெயர் மலேசிய மருத்துவ மன்றப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்த்துவிடலாம். தனியார் கிளினிக் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுகாதார அமைச்சில் பதிவாகியிருக்க வேண்டும். அழகியல் சிகிச்சை செய்யும் பொது மருத்துவருக்கு, அதற்குத் தகுதி உள்ளவர் என்று காட்டும் எல்.சி.பி. என்ற அமைச்சின் கடிதம் உண்டு. அதைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

முப்பதைத் தாண்டியவர், முன்பக்கம் மட்டும் போனவர், பிடரி அடர்த்தியாக உள்ளவர், கடன் வாங்காமல் கட்டக்கூடியவர். இந்த நான்கும் சேர்ந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. ஒருமுறை வளர்ந்துவிட்டால் எண்ணெய், மழை, ஹெல்மெட், நீச்சல் எதற்கும் அஞ்ச வேண்டாம்.

## ஒட்டு முடி, விக்

ஊரில் டோப்பா என்று கிண்டலடித்த காலம் போய்விட்டது. இப்போது ஹேர் சிஸ்டம், ஹேர் பேட்ச் என்ற பெயரில் வருவது மெல்லிய வலையிலோ தோல் போன்ற பாலியூரித்தேன் தாளிலோ ஒவ்வொரு முடியாகக் கோத்தது. இரட்டைப் பக்க டேப்பாலோ பசையாலோ ஒட்டுவார்கள். நல்ல கைக்காரர் ஒட்டி, சுற்றியுள்ள முடியோடு சேர்த்து வெட்டிவிட்டால், ஒரு முழ தூரத்திலும் தெரியாது. உலகச் சந்தையில் உள்ள மனித முடியில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து போகிறது. திருமலையில் பக்தர்கள் கொடுக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலம்விடுகிறது. நம் அத்தை காணிக்கை செலுத்தியது நம் தலைக்கே திரும்பி வந்தாலும் ஆச்சரியமில்லை.

தோற்றத்தில் இதை எதுவும் அடிக்க முடியாது. அன்றே முடிந்துவிடும், வேண்டிய அடர்த்தி கிடைக்கும். ஆனால் இது முடியை வாங்குவதல்ல, மாதச் சந்தா கட்டுவது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, பழைய பசையைக் கரைத்து, தலையைக் கழுவி, மறுபடி ஒட்ட வேண்டும். மெல்லிய தாள் வகை சில மாதங்களில் பிய்ந்துவிடும். கனமான வலை வகை ஏறக்குறைய ஒரு வருடம் தாங்கும், ஆனால் வேர்க்கும். ஒன்று கடையில் இருக்கும்போது தலையில் வைக்க இன்னொன்று வேண்டும், எனவே வாங்குவதே இரண்டாகத்தான் இருக்கும். ஓரத்தில் உள்ள சொந்த முடியை அடிக்கடி வெட்டாவிட்டால் இரண்டும் ஒட்டாமல் நிற்கும்.

நம் ஊர் இதற்கு எதிரி. வியர்வை பசையை இளக்கும், நெற்றி ஓரம் மேலெழும்பும், சரியாகக் கழுவாவிட்டால் வாடை வரும். எண்ணெய் அதைவிடப் பெரிய எதிரி. தீபாவளியன்று விடியற்காலையில் பாட்டி உச்சியில் எண்ணெய் வைக்க வந்தால் ஒட்டு முடியின் கதை அங்கேயே முடிந்தது. பசை ஒவ்வாமல் தோல் சிவந்து புண்ணாவதும் உண்டு. முதலில் கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போங்கள். தொடர்ந்து இழுபடுவதால் ஓரத்துச் சொந்த முடியும் மெலியக்கூடும்.

தமிழ் முஸ்லிம்கள் வாங்குமுன் மார்க்கம் அறிந்த உஸ்தாத் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பிறர் முடியைத் தம் முடியோடு சேர்ப்பதைத் தடுக்கும் நபிமொழி இருக்கிறது. தொழுகைக்கு முன் உளூச் செய்து சுத்தம் செய்யும்போது தலையில் தண்ணீர் படுவதையும் ஒட்டிய தாள் மறைக்கும்.

கல்யாணப் பேச்சு நடக்கும்போது ஒட்டு முடியை மறைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நிச்சயத்துக்கு முன்பே பெண்ணிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். பெண்ணின் மாமாவுக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

யாருக்குப் பொருந்தும்? பிடரியில் இருப்பே இல்லாதவர்களுக்கு, புழுவெட்டு தலை முழுக்கப் பரவியவர்களுக்கு, ஏ.சி. அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு, சில மாதத்தில் விசேஷம் உள்ளவர்களுக்கு. கீமோதெரபி எடுக்கப்போகிறவர்களுக்கு ஒட்டுவது வேண்டாம். தலைத்தோல் நொந்திருக்கும், முடியும் பெரும்பாலும் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் திரும்ப வரும். மென்மையான, கழற்றி மாட்டும் விக் போதும். முடி கொட்டும் முன்பே போய் அளவும் நிறமும் பார்த்துவிட்டால் பொருத்தமாக அமையும். செயற்கை இழை விக் மலிவு, ஆனால் சூடு தாங்காது. அதை மாட்டிக்கொண்டு கொதிக்கும் வாணலியின்மேல் குனியக்கூடாது.

## புள்ளி குத்துதல்

தலைத்தோலில் நிறமியை நுண்ணிய புள்ளிகளாகக் குத்தி, ஒட்ட வெட்டிய முடி போலக் காட்டுவது. இரண்டு மூன்று அமர்வுகள். அதற்குமேல் முடி வளராது என்பதால், ஒட்ட வெட்டிய தோற்றத்தையே எப்போதும் வைத்திருக்கத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும். மூன்று முதல் ஐந்து வருடத்தில் மங்கும், மறுபடி குத்த வேண்டும். கைக்காரர் சரியில்லை என்றால் புள்ளி பரவி நீலம் பாய்ந்துவிடும், அதை லேசரால் அழிப்பதும் சுலபமில்லை. பழைய வேலைகளை நேரில் பாருங்கள், அதுவும் நம் நிறத் தோலில் மூன்று வருடம் முன்பு செய்ததை. எஃப்.யூ.டி. தழும்பை மறைக்க இது கைகொடுக்கும்.

## நார்த்தூள்

கெராட்டின் நார்த்தூளைத் தூவினால் இருக்கிற முடியில் ஒட்டிக்கொண்டு அடர்த்தி காட்டும். மெலிந்த உச்சிக்கு நல்லது, வெறும் வழுக்கைக்கு உதவாது. மாலை மழையில் குடையில்லாமல் மாட்டினால் வெள்ளைச் சட்டைக்கு ஆபத்து. மினாக்சிடில் வேலைசெய்யக் காத்திருக்கும் மாதங்களை ஓட்ட நான் முதலில் சொல்வது இதைத்தான்.

## மொட்டை

தைப்பூசத்தில் மொட்டை போட்டவரிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எனவே தயங்குகிறவர்கள் அந்த வாரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்: வேண்டுதலுக்கு வேண்டுதல், ஒத்திகைக்கு ஒத்திகை. பொருந்தினால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வளரவிடுங்கள். திரும்பிப்போவதில் இதைவிட எளிய வழி இல்லை. மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பது மட்டும் நம்பிக்கைதான். வெட்டிய முனை தடிப்பாகத் தெரிவதால் வரும் மயக்கம்.

இதற்கும் வேலை உண்டு. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சவரம் செய்யாவிட்டால் ஓரத்தில் மட்டும் கறுப்பு வளையம் கட்டும், அது வழுக்கையைவிட மோசமாகக் காட்டும். வெயிலில் வேலை என்றால் தலைக்கு சன்ஸ்கிரீன் அல்லது தொப்பி. திருத்திய தாடி இருந்தால் பல முகங்களுக்கு எடுப்பாக இருக்கும். உச்சிவரை போய்விட்ட, மோட்டாரில் அலைகிற, நாற்பதை நெருங்கும் ஆணுக்கு எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்தால் இதுதான் வெல்கிறது. விளம்பரம் செய்ய ஆள் இல்லாததால் யாரும் சொல்வதில்லை.

## பெண்களுக்குக் கணக்கு மாறும்

மொட்டை என்ற வாசல் பெண்களுக்குச் சுலபமாகத் திறப்பதில்லை. ஊர் வாய் அப்படி. முடி நடுதலும் பலருக்கு ஒத்துவராது. பெண்களுக்குத் தலை முழுக்க மெலிவதால் பிடரி முடியும் சேர்ந்து மெலிந்திருக்கலாம், அதை எடுத்து நட்டால் அதுவும் நிற்காது. பிள்ளைப்பேறு வயதில் ஃபினாஸ்டெரைட்டும் கூடாது. எனவே இரத்தச் சோதனை, இரும்புச்சத்து, தைராய்டு, பிறகு மினாக்சிடில் என்பதுதான் வரிசை. முகத்தில் பூனைமுடி வளர்ந்தால் மருத்துவரிடம் அளவைக் குறைக்கச் சொல்லலாம்.

வகிட்டை மறைக்க டாப்பர் எனப்படும் கிளிப் முடி நல்ல துணை. காலையில் மாட்டி இரவில் கழற்றுவதால் தலைத்தோல் மூச்சுவிடும், பசைத் தொல்லையும் இல்லை. ஆனால் கிளிப்பை ஒரே இடத்தில் குத்தினால் அந்த இடமே சொட்டையாகும், மாற்றி மாற்றிக் குத்துங்கள். சவுரி வைத்து நீளப் பின்னி, அதன்மேல் கனமான மல்லிகைச் சரம் சுற்றுவது விசேஷ நாளோடு நிற்கட்டும். மெலிந்த முடியில் தினமும் அந்தப் பாரம் வேண்டாம். எந்தச் செலவும் இல்லாத ஒன்றும் இருக்கிறது: இத்தனை வருடம் எடுத்த நேர் வகிட்டைக் கோணல் வகிடாக மாற்றிப் பாருங்கள்.

## பணம் கட்டும் முன்

பேரங்காடிகளில் இருக்கும் முடி பராமரிப்பு நிலையம் மருத்துவ கிளினிக் அல்ல. வெள்ளைக் கோட்டு போட்டவர் எல்லாரும் மருத்துவரும் அல்ல. இலவசச் சோதனை என்று கேமராவைத் தலையில் வைத்து இருநூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டினால் யார் தலையும் பயமுறுத்தும். 'இன்று கையெழுத்துப் போட்டால் பாதி விலை' என்றால் அன்று கையெழுத்துப் போடாமல் வருவதே பாதுகாப்பு. மொத்தமாகக் கட்டும் பேக்கேஜைவிட ஒவ்வொரு முறைக்கும் தனியாகக் கட்டுவது விலை கூடினாலும் நல்லது, பலன் இல்லை என்றால் நிறுத்திவிடலாம். கிரெடிட் கார்டுத் தவணையில் போட்டால், நிலையம் மூடிவிட்டாலும் உங்கள் தவணை தொடரக்கூடும்.

ஏமாந்ததாகத் தெரிந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே கோரிக்கை வைக்கலாம். கட்டணம் ஐந்து ரிங்கிட், கோரிக்கை 50,000 ரிங்கிட் வரை, மூன்று வருடத்துக்குள். பேக்கேஜ் விற்ற முடி நிலையத்துக்கும் விக் கடைக்கும் இது பொருந்தும். மருத்துவர் செய்த சிகிச்சை பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. அதற்கு மலேசிய மருத்துவ மன்றத்தில் புகார், சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவு, அல்லது நீதிமன்றம். எதுவானாலும் ரசீது, பேசிய வாட்ஸ்அப் செய்திகள், அவர்கள் காட்டிய விலைப்பட்டியலின் படம் ஆகியவற்றைக் கேட்பார்கள். கையெழுத்துப் போடும் அன்றே அவற்றை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.